மீட்டிங்கில் மட்டும் மறந்துபோகிறது என்றால்

ஆபீஸுக்கு நெரிசலில் அவசரமாக ஓடிவருவதையும் டீம் லீடிடம் எரிந்து விழுந்ததையும் சொல்லி, மூளை மழுங்கிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். மழுங்கவில்லை, பயப்படாதீர்கள். ராத்திரி தயார் செய்தது காலை மீட்டிங்கில் மறந்து, மத்தியானம் சாப்பிடும்போது தானாக ஞாபகம் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் எதுவும் அழியவில்லை. அந்த நேரத்தில் எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

காரணம் பெரும்பாலும் கார்டிசால், அதாவது மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன். பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் மாட்டிக்கொண்டு மணி பார்க்கும்போதே, படபடப்பைத் தரும் அட்ரினலின் ஹார்மோன் நொடிகளில் ஏறிவிடும். கார்டிசால் மெதுவாக ஏறி, 20-30 நிமிடத்தில் உச்சத்தைத் தொடும். நீங்கள் அரக்கப்பரக்க வந்து உட்காரும் நேரம் அது. மூளையில் நினைவுகளைக் கையாளும் ஹிப்போகாம்பஸிலிருந்து நினைவை எடுப்பது அப்போது தடைப்படும். நிதானமாக யோசிக்கவைக்கும் மூளையின் முன்பகுதி தளர, பயத்தையும் கோபத்தையும் கிளப்பும் அமிக்டாலாவின் கை ஓங்கும். டீம் லீடிடம் சுள்ளென்று விழுந்தீர்களே, அதுவும் இதனால்தான் இருக்கும்.

ஒரு வாரத்துக்குத் தினமும் முன்கூட்டியே கிளம்பிப் போய், அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். முக்கியமான பாயிண்டுகள் தாளில் இருக்கட்டும். மறதி குறைகிறதா, பாருங்கள்.

ஆனால் ஒன்று: அவசரமே இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் மறதி இருந்தால் தைராய்டு, பி12 பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். கார்டிசால் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். தூக்கமும் போய்விட்டதென்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள், அது அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ். தமிழிலேயே பேசலாம்.