ஆர்எக்ஸ் 100 முன் ஷாக்: மூன்று முறை சீல் மாற்றியும் ஆயில் நிற்காதது ஏன்?

கேள்வி: அப்பா 1992-இல் வாங்கிய ஆர்எக்ஸ் 100 என்னிடம் இருக்கிறது. அவர் காலமான பிறகு நான்கு வருடம் மாட்டுக் கொட்டகை ஓரத்திலேயே நின்றது. இப்போது எடுத்து ஓட்டுகிறேன். முன் ஷாக்கில் ஆயில் ஒழுகுகிறது, ஆறு மாதத்தில் மூன்று முறை சீல் மாற்றியாகிவிட்டது. பிரேக் பிடித்தால் முன்னால் 'டக்'கென்று தட்டுகிறது. ஒரு மெக்கானிக் முழு செட்டையும் மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் புது வண்டியின் டிஸ்க் பிரேக் ஃபோர்க்கைப் (முன் ஷாக் செட்டை) போட்டுவிடலாம் என்கிறார். ஃபோர்க் மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், 6,000 ரூபாய் ஆகும் என்று ஒரு புரோக்கர் சொல்கிறார். என்ன செய்யட்டும் அண்ணே?
– ஒரு வாசகர், அலங்காநல்லூர்

பதில்: தம்பி, நான்கு வருடம் மாட்டுக் கொட்டகை ஓரம் நின்றது என்று எழுதினீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. மூன்று சீல் போட்டும் ஒழுகுகிறது என்றால் தப்பு சீலில் இல்லை. சீல் ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். அது உரசி ஓடுகிற பைப், அதாவது ஷாக்கின் மேல் பாதியில் தெரிகிற குரோம் பைப், கண்ணாடி மாதிரி இருந்தால்தான் ஆயிலைப் பிடித்து வைக்கும். ஈரத்தில் நின்ற வண்டியில் பைப்பின் குரோமில் ஊசி முனை அளவுக்குத் துரு குழி விழுந்திருக்கும். ஒவ்வொரு முறை ஷாக் அமுங்கும்போதும் அந்தக் குழியின் விளிம்பு சீலின் உதட்டை அறுக்கும்.

நீங்களே பார்க்கலாம். டஸ்ட் கவரை மேலே தள்ளி, பைப்பை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். சீலுக்கு மேலே ஒரு சாண் தூரத்துக்குக் கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழாக மெதுவாக இழுத்து வாருங்கள். நகம் எங்காவது 'நறுக்'கென்று தட்டினால் அதுதான் குழி. கண்ணுக்குத் தெரியாதது நகத்துக்குத் தெரியும். முன் பக்கம் தடவிவிட்டு நிறுத்திவிடாதீர்கள், சேறும் தண்ணீரும் தெறிக்கிற பின் பக்கத்தையும் தடவ வேண்டும். அப்படியே கீழே குனிந்து, ஃபோர்க் பாட்டத்தின் (பைப் நுழைகிற கீழ்க் குழாயின்) அடியில் இருக்கும் அலன் போல்ட் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே கசிந்தால் செம்பு வாஷர் ஒன்று மாற்றினால் போதும்.

'டக்' சத்தம் வேறு வியாதி. அதற்கு எல்லாரும் ஷாக்கைத்தான் கைகாட்டுவார்கள். வண்டியைத் தரையில் நிறுத்தி, முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து, முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொருவரை ஹேண்டில் கழுத்தில், ஃபிரேமும் கீழ் 'டி'யும் (இரண்டு ஷாக்கையும் பிடித்து நிற்கிற, நடுத்தண்டு உள்ள பாகம்) சேரும் இடத்தில் விரல் வைக்கச் சொல்லுங்கள். அங்கே அசைவு தெரிந்தால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற கழுத்து பேரிங். பைப் பாட்டத்துக்குள் நுழைகிற இடத்தில் அசைந்தால் ஃபோர்க். இந்த வண்டியில் தனியாகக் கழற்றி மாற்ற புஷ் கிடையாது, அலுமினிய பாட்டமே உள்ளே தேயும். பாட்டம் தேய்ந்திருக்கும்போது புது பைப் மட்டும் போட்டால் ஒழுகல் நிற்கும், தட்டு நிற்காது. கோன் செட்தான் போயிருக்கிறது என்றால் ஃபோர்க்குக்காகப் பிரிக்கும்போதே சேர்த்து மாற்றிவிடுங்கள், கூலி ஒன்றுதான்.

குழி இருந்தும் பைப்பை மாற்ற வேண்டாத ஒரு நிலை இருக்கிறது. இதைத் தெரியாமல் நல்ல பைப்பைத் தூக்கி எறிந்தவர்கள் நிறையப் பேர், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பைப் முழுவதும் சீலுக்குள் போய் வருவதில்லை. அது எவ்வளவு தூரம் போகிறது என்று அளக்க, வயர் கட்டுகிற பிளாஸ்டிக் டேக் ஒன்றை டஸ்ட் கவருக்கு ஒட்டினாற்போல் பைப்பைச் சுற்றி மாட்டுங்கள். இறுக்கிவிடக் கூடாது, தள்ளினால் நகர வேண்டும். சிக்கந்தர் சாவடி வரை போய் வாருங்கள், வேகத்தடைகளில் வழக்கம் போல ஏறி இறங்குங்கள், இரண்டு இடத்தில் முன் பிரேக்கை நன்றாகப் பிடியுங்கள். திரும்பி வந்து பார்த்தால் டேக் மேலே நகர்ந்து நிற்கும். பின்னால் ஒருவரை உட்கார வைத்து இன்னொரு முறை போய் வாருங்கள், இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும். அதற்கும் மேலே இரண்டு விரற்கடை விட்டு, அதைத் தாண்டித்தான் குழி இருக்கிறது என்றால் அந்தக் குழி சீலைத் தொடவே தொடாது. துருவைத் துடைத்து, கிரீஸ் பூசி, அப்படியே ஓட்டலாம். டேக் ஏறிய தூரத்துக்குள் ஒரே ஒரு குழி இருந்தாலும் அது கணக்கில் சேரும். எமரி தாளால் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். குழி தேயாது, சுற்றியிருக்கும் குரோம்தான் தேயும்.

சரி, மாற்றியே ஆக வேண்டும் என்றால்? இங்கேதான் ஏமாறுவது அதிகம். ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-இல் நின்றுவிட்டது. ஆனால் 'ஜப்பான் பைப், பழைய ஸ்டாக்' என்று பிரிக்காத அட்டைப் பெட்டி இன்றும் கடைக்குக் கடை வருகிறது. எனக்கே நடந்தது. பெட்டியைப் பார்த்து நம்பி ஒரு ஜோடி வாங்கினேன். மாட்டும்போது சீல், விரலால் தள்ளினதுமே வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஆயில் தடவிய சீல் நல்ல பைப்பில் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டுதான் இறங்கும். மைக்ரோமீட்டர் வைத்தால் பைப்பின் விட்டம் குறைவு, அதுவும் மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு. கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. அன்றிலிருந்து புது சீலைக் கையில் கொண்டுபோய், கடையிலேயே பைப்பில் நுழைத்துப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. கடையின் கண்ணாடி மேஜை மேல் உருட்டியும் பாருங்கள். அடியில் வெளிச்சம் வந்து வந்து மறைந்தால் பைப் வளைந்திருக்கிறது. விபத்து வண்டியின் பைப்பை பென்ட் எடுத்து, பாலிஷ் போட்டு விற்பவர்களும் உண்டு. மடிப்பு விழுந்த பைப் எக்காரணம் கொண்டும் வேண்டாம், அது ஒரு நாள் மடிந்த இடத்திலேயே விட்டுப் போகும்.

உங்கள் பைப் நேராக இருந்தால் நான் சொல்வது அதையே சரிசெய்வதுதான். ஆனால் சைலென்சருக்கும் மட்கார்டுக்கும் போடுகிற பளபளப்பு குரோம் இதற்கு ஆகாது, உரிந்து சீலைத் தின்றுவிடும். பழைய குரோமை எடுத்து, ஹார்டு குரோம் கனமாக ஏற்றி, பிறகு கிரைண்டிங்கில் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஹைட்ராலிக் ராடு வேலை செய்கிற பட்டறைக்காரர்களுக்கு இது தெரிந்த வேலை. மதுரை கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகளில் 'ஹைட்ராலிக் ராடு கிரைண்டிங்' என்று சொல்லி விசாரியுங்கள். டேக் ஏறாத, துருப் பிடிக்காத இடத்தில் மூன்று புள்ளியில் அளவெடுத்து எழுதிக் கொடுங்கள், வாங்கும்போது அதே அளவு இருக்கிறதா என்று உங்கள் முன்னால் அளக்கச் சொல்லுங்கள்.

டிஸ்க் ஃபோர்க் யோசனையை விட்டுவிடுங்கள். புது வண்டியின் 'டி' உங்கள் ஃபிரேமின் கழுத்துக்குள் அப்படியே உட்காராது. நடுத்தண்டை அழுத்தி எடுத்து, வேறொன்றைச் சொருகி, லேத்தில் கடைந்து வெல்டிங் வைப்பார்கள். முழு வண்டியும் முன் சக்கரத்தின் மேல் தொங்குவது அந்தத் தண்டில்தான். வெல்டிங் ஓரத்தில் விரிசல் விட்ட ஒன்றை என் கையால் கழற்றியிருக்கிறேன். சட்டமும் இடம் கொடுக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதையே உறுதி செய்தது. ஒரிஜினல் மாதிரியே இரு என்று சட்டம் சொல்கிறது. ஒரிஜினல் பாகம் எங்கே கிடைக்கும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. முப்பது வருட வண்டியை ஒழுங்காக வைத்திருப்பவன் பெட்டிக்குப் பெட்டி ஏமாந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இதில் தீராத வருத்தம்.

அந்த 6,000 ரூபாய் அநியாயம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இதே மாடல் ஃபோர்க்கையே மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற ஒன்றுமில்லை. ஆர்.சி.யில் இருப்பது சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும். ஃபோர்க்குக்கு நம்பர் கிடையாது. உங்கள் சேசிஸ் நம்பர் ஃபிரேமின் கழுத்தில் அடித்திருக்கும். ஃபோர்க்கைக் கழற்றியிருக்கும்போது 'அப்படியே ஃபிரேமுக்குப் பெயின்ட் அடித்துவிடலாம்' என்று யாராவது அந்த இடத்தில் கிரைண்டரை வைத்தால்தான் நிஜமான தலைவலி வரும். அந்த இடத்தில் டேப் ஒட்டிவிட்டு வண்டியைக் கொடுங்கள். அதே புரோக்கர் அடுத்து 'விண்டேஜ் பதிவு' என்று வருவார். 2021-இல் வந்த விதிப்படி அதற்கு ஐம்பது வயது ஆக வேண்டும், உங்கள் வண்டிக்கு 2042. நீங்கள் பார்க்க வேண்டியது ஆர்.சி. காலாவதித் தேதியை. முதல் பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். வண்டி நின்ற காலத்தில் அது தவறியிருந்தால் பரிவாகன் இணையதளத்தில் 25-ஆம் எண் படிவத்தோடு நீங்களே தொடங்கலாம்.

மாட்டும்போது மூன்று விஷயம் பக்கத்தில் நின்று பாருங்கள். ஷாக்குக்குள் ஃபோர்க் ஆயில்தான் போக வேண்டும், மீதமிருக்கிற 2டி ஆயிலும் பழைய இன்ஜின் ஆயிலும் அல்ல. அளவு குவளையில் அளந்து இரண்டு பக்கமும் ஒரே அளவு. ஆக்ஸிலைக் கடைசியாக இறுக்கும் முன் ஹேண்டிலைப் பிடித்து நாலைந்து முறை அமுக்கிவிடுங்கள், இரண்டு காலும் தானாக நேராகிக்கொள்ளும். அப்புறம் பிரேக் பிளேட். அதில் ஒரு காடி இருக்கும், ஃபோர்க் பாட்டத்தில் ஒரு முனை துருத்திக்கொண்டிருக்கும். அந்த முனை காடிக்குள் உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து, விரலால் தொட்டுப் பார்க்காமல் வண்டியைத் தெருவில் இறக்கவே கூடாது. அது வெளியே நின்றால் முதல் பிரேக்கிலேயே பிளேட் சுழன்று, முன் சக்கரம் பூட்டிக்கொண்டு, ஆளைத் தூக்கி எறிந்துவிடும்.