மகளின் மூக்கும் தாயின் கேள்வியும்

கேள்வி: 23 வயதாகும் என் மகள், தன் மூக்கு அகலமாக இருக்கிறதென்று சொல்லி, அறுவை சிகிச்சைக்காகச் சம்பளத்தில் பணம் சேர்த்து வருகிறாள். ஒரு குறையும் இல்லாத முகத்தை எதற்காக மாற்றிக்கொள்ள வேண்டும்? இது வெறும் அழகு மோகம்தானா?
– வாசகி ஒருவர், மதுரை

பதில்: அழகு மோகம் என்ற ஒரே சொல்லில் இதை அடக்கிவிட வேண்டாம் என்று தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். முகச் சிகிச்சையை நாடி வருபவர்களில் பலருக்கு, பள்ளியில் வைத்த பட்டப்பெயரோ, உறவினர் கூடிய வீட்டில் யாரோ சொன்ன ஒரு சொல்லோ மனத்தில் தங்கியிருக்கும். தம்மைப் பார்ப்பவர் கண்ணெல்லாம் அந்த ஓரிடத்தில்தான் பதிகிறது என்ற எண்ணத்திலிருந்து விடுபடவே அவர்கள் விரும்புகிறார்கள்.

இந்த மருத்துவத்தின் தொடக்கமும் அப்படிப்பட்ட வேதனைதான். மூக்கறுப்பது தண்டனையாக இருந்த நம் நாட்டில், கன்னத்துச் சதையைக் கொண்டு மூக்கமைக்கும் முறையைச் சுஸ்ருத சம்ஹிதை விவரிக்கிறது. திப்பு சுல்தானின் படையினரிடம் சிக்கி மூக்கை இழந்த காவாஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்கு நெற்றித் தோலால் புதிய மூக்கு அமைத்த செய்தியை 1794-இல் லண்டன் இதழொன்று படத்துடன் வெளியிட்ட பிறகே ஐரோப்பிய மருத்துவர்கள் அம்முறையைக் கையாளத் தொடங்கினார்கள்.

பிழைப்பும் ஒரு காரணம். வேலை விண்ணப்பத்தில் நிழற்படம் ஒட்டுவது நெடுங்கால வழக்கமாக இருந்த தென்கொரியாவில், பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளைக்குக் கண்ணிமையில் மடிப்பு உண்டாக்கும் சிகிச்சையைப் பெற்றோரே பரிசாகச் செய்துவைப்பதுண்டு. பெண் பார்க்க வருமுன் புகைப்படம் கேட்டு அனுப்பும் நாம் அவர்களைக் கண்டு வியப்பதற்கில்லை.

தங்கள் மகளின் வயதினருக்குக் கைப்பேசி புதிய காரணமாகியிருக்கிறது. முகத்திலிருந்து 12 அங்குல தூரத்தில் பிடித்து எடுக்கும் தற்படத்தில், 5 அடி தள்ளி எடுத்த படத்தைவிட மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. மூக்கு ஒளிப்படக் கருவிக்கு மிக அருகிலும் காதுகள் தொலைவிலும் இருப்பதால் நேரும் பிழை இது. ஆகவே மகளைக் கடிந்துகொள்ளாமல், தன் மூக்கு அகலமென்று அவள் முதன்முதலில் எங்கே கண்டாள், அல்லது யார் சொல்லிக் கேட்டாள் என்று பொறுமையாக விசாரியுங்கள்; ஐந்தடி தள்ளி நின்று எடுத்த படங்களையும் இருவரும் சேர்ந்து பாருங்கள்.

அவள் நாள்தோறும் நெடுநேரம் கண்ணாடி முன் வருந்துவதும், வெளியே செல்லவே தயங்குவதும் உண்டென்றால், முதலில் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அந்நிலையில் உள்ளவர்களுக்கு அறுவை சிகிச்சை பெரும்பாலும் நிறைவு தருவதில்லை. அப்படியெதுவும் இன்றி, நன்கு யோசித்த பிறகும் அவள் விரும்பினால், முடிவு அவளுடையது. அழகு நிலையங்களைத் தவிர்த்து, பிளாஸ்டிக் அறுவை சிகிச்சையில் எம்.சிஎச். பட்டம் பெற்றவரையே அணுகுங்கள். வீக்கம் முழுதும் வடிந்து மூக்கின் இறுதி வடிவம் தெரிய ஓராண்டு வரை ஆகும் என்பதால், திருமண நாளை ஒட்டிச் செய்துகொள்ள வேண்டாம்.