லேண்ட்மாஸ்டர் பெல்ட் வழுக்கினால்: மூன்று பெல்ட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள்

வணக்கம் தம்பி. கந்தப்பளையில் உங்கள் லேண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) கிழங்கு மூட்டையோடு மேடு ஏறும்போது எஞ்சின் ஓடுகிறது, சக்கரம் நின்றுவிடுகிறது, ரப்பர் கருகிய வாசம் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். பெல்ட்டை இரண்டு தடவை இறுக்கியும் சரிவரவில்லை என்றால் இனி இறுக்க வேண்டாம். அதற்கு மேல் இறுக்கினால் தண்டைத் தாங்கும் பேரிங் போய்விடும்.

எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, கவரைக் கழற்றிப் பாருங்கள். ‘வி’ (V) வடிவிலான இந்த வி பெல்ட் பிடிப்பது பக்கவாட்டில்தான். அதன் மேல்முகம் புல்லியின் (பெல்ட் ஓடும் பள்ளமுள்ள சக்கரம்) விளிம்போடு ஏறத்தாழ சமமாக நிற்க வேண்டும். உள்ளே அமிழ்ந்து, பள்ளத்தின் அடி பளபளவென்று தேய்ந்திருந்தால் பெல்ட் அடியில் முட்டுகிறது. புல்லியும் தேய்ந்திருக்கலாம். அப்படியானால் புது பெல்ட்டும் வழுக்கும்.

மூன்று பெல்ட்டுகளில் நார் கிளம்பிய ஒன்றை மட்டும் மாற்றலாமா என்று கேட்டீர்கள். கூடாது. பழையவை நீண்டிருக்கும், முழுச் சுமையும் புதியதன் மேல் விழும். பெல்ட்டின் முதுகில் உள்ள எழுத்தையும் எண்ணையும் பார்த்து ஒரே கம்பெனியின் மூன்றை வாங்குங்கள். ‘பி’ (B) என்றால் மேல் அகலம் 17 மில்லிமீட்டர், பின்னால் வரும் எண் அங்குலத்தில் நீளம்.

எஞ்சின் போல்ட்டுகளைத் தளர்த்தி, எஞ்சினைப் பின்னுக்குத் தள்ளிப் பெல்ட்டைக் கையாலேயே போடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் உள்நூல் அறுந்துவிடும். பிறகு எஞ்சினை முன்னுக்கு இழுத்து, பெல்ட்டின் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் இறங்கும்படி வையுங்கள். இரண்டு புல்லிகளும் நேராக நிற்கின்றனவா என்று ஒரு நூல் பிடித்துப் பார்த்துவிட்டே போல்ட்டை இறுக்குங்கள்.

புது பெல்ட் முதல் சில மணி நேரத்தில் கொஞ்சம் இளகும். அப்புறம் ஒரு தடவை சரிபார்த்துவிட்டு மூட்டை ஏற்றுங்கள்.