தாத்தாவும் பேத்தியும் பார்த்த விபத்து: சாட்சி சொல்ல எப்படித் தயார் செய்வது?

கேள்வி: கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளில் போனவரை ஒரு வேன் இடித்துவிட்டது. அப்பாவும் (72) மகளும் (9) பார்த்தார்கள். இருவரும் சொல்வது ஒத்துப்போகவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுகிறது. உட்கார வைத்து ஒரே மாதிரி சொல்லப் பழக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. இரண்டு பேர் பார்த்ததில் சின்னச் சின்ன வேறுபாடு இருப்பது இயல்பு. வரிக்கு வரி ஒன்றாக இருந்தால்தான் 'சொல்லிக் கொடுத்த சாட்சி' என்று குறுக்கு விசாரணையில் உடைப்பார்கள். இனி இருவரும் அதைப் பற்றித் தங்களுக்குள் பேச வேண்டாம். வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவையும் காட்டாதீர்கள். வயதானவர்களுக்குக் கண்ணால் பார்த்தது எது, பிறகு கேட்டது எது என்பது எளிதில் கலந்துவிடும்.

ஸ்டேஷனுக்கு அவர்கள் போக வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவுப்படி, 60 வயது தாண்டிய ஆணையும், எந்தப் பெண்ணையும் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும். அப்பாவுக்குத் தெம்புள்ள காலை நேரமாகக் கேளுங்கள். கண்ணாடி, காது மெஷின் போட்டிருக்கட்டும். கண்ணை மூடி, எங்கே நின்றார், வெயில் எந்தப் பக்கம், முதலில் என்ன சத்தம் என்று மனதில் கொண்டுவந்துவிட்டு, இடையில் யாரும் குறுக்கிடாமல் முழுவதும் சொல்லட்டும். வேகத்தைக் கிலோமீட்டரில் ஊகிக்க வேண்டாம். எந்த மரத்தருகே வேனைப் பார்த்தார் என்பதே உதவும். இன்றே அவர் கைப்பட எழுதி, தேதி போட்டு வைக்கட்டும். சம்பவத்தை ஒட்டி எழுதியது என்றால், நீதிமன்றத்தில் ஞாபகப்படுத்திக்கொள்ள அதைப் பார்க்கலாம். எதிர்த்தரப்பு கேட்டால் காட்டவும் வேண்டும்.

குழந்தை விஷயத்தில்தான் அதிகம் கெடுத்துவிடுகிறோம். "வேன் வேகமாத்தானே வந்துச்சு?" என்று கேட்டால் தலையாட்டிவிடுவாள். அதே கேள்வியை மறுபடி கேட்டால், முதலில் சொன்னது தப்பு போல என்று நினைத்து மாற்றிச் சொல்வாள். "என்ன நடந்துச்சு?", "அப்புறம்?" இவை போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். ஒன்பது வயது என்பதற்காகவே அவள் சாட்சியத்தைத் தள்ள முடியாது. கேள்வி புரிந்து பொருத்தமாகப் பதில் சொல்கிறாளா என்று நீதிபதி பார்ப்பார்.

மொழியில் கவனம் தேவை. அப்பா "அவசரமா ஓட்டினான்" என்பார். போலீஸ் அதை மலையாளத்தில் எழுதினால் பொருள் மாறிவிடலாம், மலையாளத்தில் 'அவசரம்' என்றால் வாய்ப்பு. போலீஸ் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லி, பிழையை அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். ஆடியோ, வீடியோவில் பதிவு செய்யவும் சட்டத்தில் இடமுண்டு, கேட்டுப் பாருங்கள். போலீஸ் எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது. கேட்டாலும் போட வேண்டாம்.