கருப்பட்டிக் காசு அடுப்பில் எரியாமலிருக்க

கேள்வி: திசையன்விளைப் பக்கம் நாங்கள் ஐந்து பனையேறிக் குடும்பங்கள். விறகுச் செலவு போக மிச்சம் எதுவும் நிற்பதில்லை. சுற்றிலும் விறகுக்கு வெட்டும் உடைமரமும் குறைந்துவிட்டது. எல்லோரும்போலச் சீனி கலந்தால்தான் பிழைக்க முடியுமா?

பதில்: சீனி கலந்து கருப்பட்டி என்று விற்பது கலப்படக் குற்றம். அதைவிட, சீனி கலந்தவரோடு விலையில் மோதி உங்களால் ஜெயிக்கவும் முடியாது. உங்கள் காசு போகிற இடம் அடுப்பு. முதலில் அதைப் பாருங்கள்.

ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் 8 லிட்டர் பதநீர் வேண்டும். அதாவது 7 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். மூன்று கல் கூட்டிய திறந்த அடுப்பில் எரிகிற சூட்டில் பத்தில் ஒரு பங்குதான் சட்டிக்குச் சேரும் என்று வைத்தால், கிலோவுக்கு 12 கிலோ விறகு போகிறது. கால் பங்கு சேர்ந்தால் 5 கிலோ போதும். தினம் 40 லிட்டர் காய்ச்சும் வீட்டுக்கு இது 60 கிலோவுக்கும் 25 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம்.

செங்கல் துண்டும் மண்ணும் குழைத்து நீளவாக்கில் இரட்டைச் சட்டி அடுப்பாகக் கட்டுங்கள். தீ முதல் சட்டிக்குக் கீழ் மட்டும். விறகு கிடக்க இரும்புக் கம்பித் தட்டு, கம்பிக்குக் கம்பி ஒரு விரல் இடைவெளி, அதன் கீழே காற்று நுழையவும் சாம்பல் விழவும் குழி. தட்டுக்கும் சட்டி அடிக்கும் ஓர் அடி. சூடான புகை இரண்டாம் சட்டியின் அடியை உரசிப் போய், 4 அங்குலச் சிமெண்ட் குழாய் வழியாக 8 அடி உயரத்தில் வெளியேறட்டும். இரண்டாம் சட்டியில் பச்சைப் பதநீர் சும்மா சூடேறிக்கொண்டிருக்கும். சட்டி விளிம்பை மண்ணால் அடைக்க மறக்காதீர்கள்.

புகை அடுப்பு வாய்ப்பக்கம் திரும்பினால் இரண்டு சட்டிக்கும் நடுவே உள்ள புகைவழி குறுகல், அல்லது கரி அடைத்திருக்கிறது. சுவாலை குழாயை எட்டினால் வழி அகலம். குறுக்கே ஒரு செங்கல் வையுங்கள். அடுப்பு வாய் மேற்கே பார்க்கக் கூடாது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று உங்கள் ஊரில் எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, விறகைத் தின்றுவிடும்.

எரிக்கக் காய்ந்த ஓலை, மட்டை, பன்னாடை, மிச்சத்துக்குச் சீமைக்கருவேலம். அது போனால் குளத்துக்கும் தோட்டத்துக்கும் நல்லதுதான். புறம்போக்கில் என்றால் ஊராட்சியில் கேட்டுவிட்டு வெட்டுங்கள். வெட்டி இரண்டு மாதமாவது காய வேண்டும், ஈர விறகின் சூட்டில் ஒரு பகுதி தன் தண்ணீரைக் காயவைக்கவே போய்விடும். உடைமரத்தை விட்டுவிடுங்கள், அது இந்த மண்ணின் மரம்.

அடுத்தது சுண்ணாம்பு. பதநீர் இறக்கப் பாளையில் கட்டும் கலயத்தில் குறைவாகத் தடவினால் பதநீர் புளித்து, உள்ள சர்க்கரை உடைந்துபோகும். எவ்வளவு காய்ச்சினாலும் கருப்பட்டி இறுகாமல் பிசுபிசுக்கும். "இறுகலையே" என்று பலரும் சீனியை அள்ளிப் போடுவது இங்கேதான். கூடினால் நிறம் கறுத்துக் காரல் அடிக்கும். கலயத்தைத் தினம் கழுவி வெயிலில் காயவைத்து மெல்லிசாகத் தடவுங்கள். வெயில் ஏறுமுன் இறக்கி, தெளியவிட்டு, அடிச் சுண்ணாம்பு கலங்காமல் துணியில் வடித்து உடனே அடுப்பேற்றுங்கள்.

பொங்கினால் ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டால் அடங்கும். குழம்பு கெட்டியானதும் தீயைக் குறையுங்கள். இந்தக் கடைசி நேரத்தில்தான் காந்தும். குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கையில் உருண்டு வர வேண்டும். வெப்பமானி இருந்தால் 118 முதல் 120 டிகிரி செல்சியஸ். இறக்கிக் கிளறி, நனைத்த சிரட்டையில் ஊற்றுங்கள்.

விற்பனையில் ஒன்றே ஒன்று. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியதால் சீசனிலேயே முழுச் சரக்கையும் கொடுத்துவிடுகிறீர்கள். ஐந்து வீடும் சேர்ந்து கால் பங்கையாவது நிறுத்தினால் ஐப்பசிக்கு மேல் நல்ல விலை கேட்கலாம். ஆனால் மழைக்காற்றில் கருப்பட்டி நீர்விடும். ஓலைப் பெட்டியில் அடுக்கி, அடுப்புப் புகைச்சூடு படும் பரணில் வையுங்கள். தரையில் வைத்தால் கார்த்திகைக்குள் பாகாகிவிடும். பொட்டலமிட்டு விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்தாக வேண்டும், சிறு உற்பத்தியாளருக்குக் கட்டணம் சொற்பம்தான்.