பழைய பென்ஸுக்கு நல்ல விலை சொல்கிறார்கள், எக்ஸ்சேஞ்ச் செய்து மூன்று வருட எஸ்யூவி வாங்கலாமா?

இப்போது மாற்ற வேண்டாம். உங்கள் ஏழு வருட செடானுக்கு, வாங்கிய விலைக்குப் பக்கத்தில் டீலர் தருகிறேன் என்பது சந்தோஷம்தான். ஆனால் நீங்கள் கேட்கும் மூன்று வருட எஸ்யூவியும் அதே பழைய கார் சந்தையில்தான் விலை ஏறியிருக்கிறது.

உங்கள் கார் 100, அது 200 என்று வையுங்கள். கையிலிருந்து போடுவது 100. இரண்டும் 20 சதவீதம் ஏறினால் 120, 240. இப்போது போடுவது 120. ஏற்றத்தில் லாபம் பார்ப்பவர் விற்றுவிட்டுச் சும்மா இருப்பவர், இல்லையென்றால் சின்ன காருக்கு இறங்குபவர்.

டீலரின் தாராளத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: உங்களுக்குக் கூட்டித் தருவதை எஸ்யூவி விலையில் ஏற்கெனவே ஏற்றியிருப்பார். வேறொருவரை விட்டு, எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் அதே வண்டி என்ன விலை என்று கேட்கச் சொல்லுங்கள். உங்கள் காரை மட்டும் விற்றால் என்ன தருவார்கள் என்று வேறு இரண்டு இடத்தில் நீங்களே கேளுங்கள். பேரம் பேச வேண்டியது வித்தியாசத் தொகையை வைத்துத்தான்.

அப்புறம், அந்த எஸ்யூவியில் ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் வண்டியைத் தாங்குவது) இருந்தால் இரவு முழுக்க நிறுத்திவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் நான்கு மூலையையும் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் காற்று கசிகிறது என்று அர்த்தம். விட்டுவைத்தால் காற்றடைக்கும் கம்ப்ரஸரும் போய்விடும். மூன்று வருடம் என்பது பெரும்பாலும் கம்பெனி வாரண்டி முடிகிற நேரம் வேறு.

ஒன்று மட்டும்: உங்கள் செடானுக்கே கியர்பாக்ஸ் மாதிரி பெரிய செலவு வரப்போகிறது என்று மெக்கானிக் சொல்லியிருந்தால் இந்தக் கணக்கு மாறும். சொல்லியிருக்கிறாரா?