1938-ல் அவ்வளவு கோட்டைகள் இருந்தும் செக்கோஸ்லோவாக்கியா ஏன் சண்டை போடாமல் ஹிட்லரின் ஜெர்மனிக்குப் பணிந்தது? கோழைத்தனம்தானே?

ஏதோ யூடியூப் வீடியோ பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் வரலாறு படித்தவன் இல்லை, சாஃப்ட்வேர்காரன். ஆனால் வேலைக்காகச் சில வருடம் அங்கே புர்னோ நகரத்தில் இருந்தேன். அந்த ஊர்க்காரர்களோடு தினமும் சாப்பிட்டுப் பழகியவனுக்கு இந்தக் 'கோழை' என்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

கூட வேலை பார்த்த ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்னோய்மோ பக்கம் கூட்டிப்போனார். ஆஸ்திரிய எல்லை, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சின்னச் சின்னதாகக் கான்கிரீட் பங்கர்கள், நீங்கள் சொல்லும் கோட்டைகளில் ஒரு வகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். ஏழு பேர் வரை அடைந்து கிடக்க வேண்டிய இடம், இரண்டு இயந்திரத் துப்பாக்கி, புகையை வெளியேற்றக் கையால் சுற்றும் ஒரு விசிறி, அவ்வளவுதான். எதிரி வருகிற திசையில் துளையே கிடையாது, தடித்த சுவர்தான். துப்பாக்கித் துளைகள் எல்லாம் பக்கவாட்டில். அதாவது இந்த பங்கர் பக்கத்து பங்கரின் முன்பக்கத்தைக் காக்கும், அது இதைக் காக்கும். பக்கத்தில் இருப்பவன் ஓடிவிட்டால் கதை முடிந்தது. "எங்கள் வெளியுறவுக் கொள்கையும் இதே டிசைன்தான்" என்றார், சிரிக்காமல்.

அவர் சொன்னது சரிதான். பிரான்ஸோடு 1924-லேயே ஒப்பந்தம் உண்டு. சோவியத்தோடு 1935-ல் போட்டார்கள், ஆனால் பிரான்ஸ் முதலில் களத்தில் இறங்கினால்தான் சோவியத் உதவிக்கு வரும் என்று அதில் ஒரு நிபந்தனை. ருமேனியாவும் யூகோஸ்லாவியாவும் கூட்டாளிகள்தான், ஆனால் அது ஹங்கேரிக்கு எதிராகப் போட்ட கூட்டு. ஆக எல்லாமே பிரான்ஸ் தலையில், பிரான்ஸோ லண்டன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தது. செப்டம்பர் 21 அதிகாலை 2 மணி வாக்கில் பிரிட்டிஷ், பிரெஞ்சுத் தூதர்கள் ஜனாதிபதி பெனெஷைத் தேடி வந்து, ஜெர்மனி கேட்கும் பகுதியை, அதாவது ஜெர்மானியர்கள் அதிகம் வாழ்ந்த எல்லைப் பகுதியை, கொடுக்காவிட்டால் எங்களை எதிர்பார்க்காதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இதில் மார்ச் மாதமே ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கிவிட்டதால் நாடு மூன்று பக்கமும் ஜெர்மனிக்கு நடுவில். கோட்டை வேலை அதிகம் முடிந்திருந்தது வடக்கில், தெற்கு அரைகுறை. போலந்தும் ஹங்கேரியும் வேறு தங்கள் பங்குக்குக் கை நீட்டின.

அப்படியும் 23-ஆம் தேதி இரவு ரேடியோவில் அழைப்பு வந்ததும் 10 லட்சம் பேருக்கு மேல் படையில் சேர்ந்தார்கள். நண்பரின் தாத்தாவும் அதில் ஒருவர். ஒரு வாரத்தில் மியூனிக் ஒப்பந்தம், ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், பிரான்ஸ் நான்கும் கூடி அந்த எல்லைப் பகுதி ஜெர்மனிக்கு என்று எழுதிக்கொண்டன, செக் பிரதிநிதிகளை அறைக்குள்ளேயே விடவில்லை, அப்புறம் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போ என்று உத்தரவு. டிவியில் பிரான்ஸ் கால்பந்து ஆடினால் சாகும்வரை எதிரணிக்குத்தான் கைதட்டினாராம் அந்தத் தாத்தா.

இப்போது சிலர் வருவீர்கள், அங்கிருந்த 30 லட்சம் ஜெர்மானியர்களுக்குக் குறையே இல்லையா என்று. இருந்தது, நான் மறுக்கவில்லை. தனியாகச் சண்டை போட்டிருந்தால் ஜெயித்திருப்பார்கள் என்றும் சொல்லவில்லை. பெனெஷ் செய்தது சரியா என்று செக்காரர்களே இன்றும் அடித்துக்கொள்கிறார்கள்.

மிச்ச நாட்டுக்கு நாங்கள் உத்தரவாதம் என்று மியூனிக்கில் பிரிட்டனும் பிரான்ஸும் எழுதியே கொடுத்தன. 1939 மார்ச் 15 ஹிட்லர் பிராகுக்குள் நுழைந்தபோது, ஸ்லோவாக்கியா முந்தின நாளே பிரிந்துவிட்டதால் அந்த நாடே இப்போது இல்லை, உத்தரவாதமும் இல்லை என்றார் பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின். எழுத்தில் இருந்தால் போதும் என்பவர்களுக்காகச் சொல்கிறேன், புர்னோவில் என் வீட்டு ஓனரும் அட்வான்ஸைத் திருப்பித் தருவதாக எழுதித்தான் கொடுத்தார். காலி செய்யும்போது சுவரில் ஒரு கீறலைக் காட்டி மொத்தத்தையும் பிடித்துக்கொண்டார்.

செக் ஆலைகளும் அவற்றின் டாங்கிகளும் அப்படியே ஜெர்மனி கைக்குப் போயின. 1940 மே மாதம் மேற்கே பாய்ந்த 10 ஜெர்மன் டாங்கி டிவிஷன்களில் 3 செக் டாங்கிகளோடுதான் போயின, அதில் ஒன்று பின்னாளில் புகழ்பெற்ற ஜெர்மன் தளபதி ரோம்மல் நடத்தியது. கோழை யார் என்றுதான் கேட்க வேண்டுமானால் பாரிஸையும் லண்டனையும் பற்றித் தனிக் கேள்வியாகப் போடுங்கள், அதற்கும் எழுதுகிறேன்.